அத்தியாயம் 5: ஒரே மேசையில் எழுதும் முறைப்பாடு

நுகேகொடையில் இளையோர் குழு ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமையின் நேரசூசி. இது ரியூஷன் நகரம். சனியும் ஞாயிறும் விடிந்ததும் ஹைலெவல் வீதியின் இரு பக்கமும் புத்தகப் பையோடு பிள்ளைகள் நிற்பார்கள். ஞாயிறு காலையில் பௌத்தப் பிள்ளைகளுக்குத் தஹம் பாசல், இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் திருப்பலியும் மறைக்கல்வியும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு வெள்ளி மதியம் ஆகாது. போயா நாளில் சில் எடுக்கும் வீடுகள் உண்டு. இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் தொடங்கி, அந்த நேரத்துக்குள் முடியுங்கள். இருட்டுவதற்குமுன் எல்லோரும் பஸ் ஏறியிருக்க வேண்டும். நேரத்தை மதிக்காத அமைப்பாளர் உரிமையைப் பற்றிப் பேசினால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் மூவினத்து இளையோரும் வேறு யாருடையவோ 'பகுதிக்கு'ப் போகிறோம் என்ற கூச்சமில்லாமல் வந்து சேரக்கூடிய இடங்கள் குறைவு. சிங்களப் பிள்ளையின் தாய்க்குக் கொட்டாஞ்சேனை தூரம். தமிழ்ப் பிள்ளையின் தாய்க்கு ஹோமாகமை தூரம். நுகேகொடை நடுவில் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகளை ஹெட்டியாவத்தையிலிருந்து வரும் 176 ஆம் இலக்க பஸ் நேரே கொண்டுவந்து இறக்கும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை போய் மாறி ஏறலாம். மஹரகம, ஹோமாகமைக்காரருக்கு 138 இருக்கிறது, களனிப் பள்ளத்தாக்கு ரயிலும் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் நாவலயில். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் கங்கொடவிலயில். அறையைத் தேடும்போது ஒரு மதத்தின் வளவுக்குள்ளோ, ஓர் அரசியல்வாதியின் படம் தொங்கும் மண்டபத்திலோ எடுக்காதீர்கள். வகுப்பறை கிடைத்தால் போதும். நாற்காலிகளை வட்டமாகப் போடுவதைவிட நடுவில் ஒரு பெரிய மேசை போடுவது நல்லது. ஏனென்று போகப் போகத் தெரியும்.

எதற்காக அழைக்கிறோம்

அழைப்பில் 'நல்லிணக்கம்', 'விழிப்புணர்வு' என்ற சொற்களைப் போட வேண்டாம். மங்கள விளக்கு, மும்மொழிப் பதாகை, பிரதம விருந்தினர் உரை, சோற்றுப் பார்சல், சான்றிதழ், கூட்டுப் புகைப்படம் என்று முடியும் ஒரு நாள் செயலமர்வுகளை இந்தத் தலைமுறை பார்த்துக் களைத்துவிட்டது. அங்கே வந்த பிள்ளைகள் கெட்ட மனத்தோடு திரும்பிப் போனதில்லை. ஆனால் அடுத்த கிழமை தெருவில் எதிரெதிரே கண்டால் பேச அவர்களுக்கு ஒரு விஷயம் இல்லை. சேர்ந்து செய்த வேலை எதுவும் இல்லாதபோது எதைப் பேசுவது?

1999 செப்டெம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சமாதானப் பண்பாட்டுப் பிரகடனம், சமாதானம் என்பதை யுத்தம் இல்லாத நிலை என்று சுருக்கவில்லை. மனித உரிமைகளை மதிப்பது, பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை, கருத்தும் தகவலும் தடையில்லாமல் கிடைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 2015 டிசம்பர் 9 அன்று பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2250 ஆம் இலக்கத் தீர்மானம் இளையோரைச் சமாதானத்தின் பங்காளிகளாக ஏற்கும்படி அரசுகளைக் கேட்டது. எங்கள் கல்வி அமைச்சும் 2008 இல் சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அது யுத்தம் உச்சத்தில் நின்ற ஆண்டு. ஆவணங்களுக்குக் குறைவில்லை. அவற்றை முதல் நாள் மேசையில் பரப்பாதீர்கள். பிறகு தேவைப்படும்.

இந்த நூல் முழுவதும் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு மனிதருக்கு நடந்த அநீதியை மூன்று சமூகத்துப் பிள்ளைகள் சேர்ந்து எழுதி, சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பதில் வரும்வரை சேர்ந்து காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் உண்டாகும் நெருக்கம் எந்த விரிவுரையிலும் உண்டாவதில்லை. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து யுத்தத்தில் அடிபட்ட சின்னப் பிள்ளைகளை அழைத்துவந்தபோது, அவர்களை உட்காரவைத்துச் சமாதானத்தைப் பற்றிப் பேசவில்லை. மண்ணையும் வர்ணத்தையும் கதையையும் கொடுத்தது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைக்குக் களிமண் போதாது. அந்த வயதுக்குரிய வேலை முறைப்பாடு எழுதுவது.

முதல் நாள்: சீட்டுகள்

ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்றுத் தாள் கொடுங்கள். கேள்வி ஒன்றே: 'போன சில வருடங்களில் எந்த அலுவலகத்தில், எந்த வாசலில், எந்த வாகனத்தில் உங்களைச் சிறுமைப்படுத்தினார்கள்?' பெயர் போட வேண்டாம். விரும்பிய மொழியில் எழுதலாம். மடித்துக் கலந்து, வேறொருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

வரும் சீட்டுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். வாடகை அறை தேடிப் போனபோது பெயரைக் கேட்டதும் 'ஆள் வந்துவிட்டது' என்றார்கள். பர்ஸ் தொலைந்ததற்கு முறைப்பாடு கொடுக்கப் போன தமிழ்ப் பிள்ளை, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசிக்க முடியாமலே ஒப்பமிட்டாள். பஸ்ஸில் பின்னால் நின்றவன் செய்ததை நடத்துனரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். வத்தை எனப்படும் நெருக்கடியான குடியிருப்பில் இருக்கும் சிங்களப் பையனை, 2023 டிசம்பரில் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது எல்லோர் முன்னிலையிலும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பரீட்சை மண்டப வாசலில் பர்தாவைப் பற்றி ஒரு பேச்சு. வீட்டுவேலைக்குப் போகும் மலையகத்துத் தாயைப் பற்றி வகுப்பில் ஒரு பகிடி.

இந்தக் கட்டத்தில் அறை அமைதியாகும். அவசரப்பட்டுப் பேசி அதை நிரப்பாதீர்கள். தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்திருந்த பிள்ளை, அடுத்த இனத்துப் பிள்ளையின் சீட்டைத் தன் வாயால் வாசிக்கும்போது நடப்பதை நீங்கள் விளக்கத் தேவையில்லை.

பிறகு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து மேசையில் வையுங்கள். பத்தாம் உறுப்புரையிலிருந்து பதினான்கு 'அ' வரை சில பக்கங்கள்தான். ஒவ்வொரு சீட்டையும் பொருந்தும் உறுப்புரைக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரானது 11, சமத்துவம் 12, காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது என்பது 13, பேச்சும் ஒன்றுகூடலும் 14. எங்கும் பொருந்தாத சீட்டும் இருக்கும். அதை மறைக்காதீர்கள். தனியார் வீட்டுக்காரர் அறை தர மறுத்ததை அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. 126 ஆம் உறுப்புரையின் கீழ் அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களை மட்டுமே அங்கு கேள்வி கேட்கலாம். சட்டத்தில் ஓட்டை இருக்கும் இடத்தை முதல் நாளே நேர்மையாகக் காட்டுகிறவரைப் பிள்ளைகள் நம்புவார்கள்.

அறைக்குள் மொழி

கொழும்பில் கலப்புக் குழு நடத்தும் எல்லோரும் சறுக்கும் இடம் இது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சிங்களம் ஓரளவு வரும். சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலானோருக்குத் தமிழ் வராது. அதனால் யாரும் தீர்மானிக்காமலே கூட்டம் பத்து நிமிடத்தில் சிங்களத்துக்குப் போய்விடும். தமிழ்ப் பிள்ளை தன் மனத்தில் உள்ளதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கி வீட்டுக்குப் போகும். இரு மொழியும் தெரிந்த ஒரு பெண் பிள்ளை இருந்தால் மொழிபெயர்ப்பு முழுவதையும் அவள் தலையில் கட்டுவார்கள். அவளுக்கென்று ஒரு கருத்து இருக்கிறதா என்று கேட்கக்கூட யாரும் நினைக்க மாட்டார்கள்.

நான் சொல்லும் முறை கடினமானது, ஆனால் வேறு வழியில்லை. ஒரு கிழமை கூட்டத்தின் முதல் மொழி தமிழ், அடுத்த கிழமை சிங்களம். தமிழ்க் கிழமையில் சிங்களப் பிள்ளைகள் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கட்டும். காத்திருந்து கேட்பது எவ்வளவு களைப்பு என்பதை அவர்கள் உடம்பால் அறிவது தேவை. மொழிபெயர்ப்பவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். நேரம் இரட்டிப்பாகும். அதனால் நிகழ்ச்சி நிரலைப் பாதியாக்குங்கள்.

இதே அறையில், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தைப் பற்றிப் பேசலாம். 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டு வந்த பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்ற உரிமையை 22(2) ஆம் உறுப்புரையில் வைத்தது. நுகேகொடைக்கு அது முழுதாகப் பொருந்தும். மீறினால் முறையிட 1991 இல் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழு பக்கத்தில், ராஜகிரியவில்தான் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் வாசிக்க முடியாத வாக்குமூலத்தை நீட்டினால் என்ன செய்வது? தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் இல்லை என்றால், 'இது எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்படவில்லை' என்று தமிழில் எழுதி அதன் கீழ் ஒப்பமிடுங்கள். இந்த வரியைச் சிங்களப் பிள்ளைகளும் தமிழில் எழுதிப் பழகட்டும். நாளைக்கு அவர்களில் ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தராக மேசையின் மறுபக்கம் இருக்கக்கூடும்.

இரண்டு வீதிகள்

மூன்றாவது அல்லது நான்காவது கூட்டத்தில் இரண்டு சம்பவங்களை அருகருகே வையுங்கள். இரண்டும் இவர்கள் நடந்து போகும் தெருக்களில் நடந்தவை.

முதலாவது, 2007 ஜூன் 7. விடிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களில் உள்ள லொட்ஜுகளுக்குள் பொலிஸார் புகுந்தனர். வடக்கு, கிழக்கிலிருந்து வந்து தங்கியிருந்த தமிழர்களைச் சாமான்களைக் கட்டச் சொல்லி பஸ்களில் ஏற்றினர். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடவுச்சீட்டோடு காத்திருந்தவர், வேலை தேடி வந்த இளைஞர், எல்லோரும் அதில் இருந்தனர். பெரும்பாலானோரை வவுனியாவுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தது. மறுநாள், ஜூன் 8 அன்று, இப்படி வெளியேற்றுவதை நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

இரண்டாவது, 2022 மார்ச் 31. அந்த மாதம் முழுவதும் கொஹுவலையில் அயலவர்கள் மெழுகுவர்த்தியும் பதாகையுமாக வீதியோரத்தில் நின்றார்கள். பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்த அந்த வியாழன் இரவு, மிரிஹானை பங்கிரிவத்தையில் இருந்த அப்போதைய ஜனாதிபதியின் வீட்டை நோக்கி ஆயிரக்கணக்கானோர் போனார்கள். கண்ணீர்ப்புகை, நீர்த்தாரை, எரிந்த பஸ், அடி. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். மறுநாள் கங்கொடவிலயில் உள்ள நீதவான் நீதிமன்றத்துக்கு, கைதானவர்களுக்காகப் பணம் வாங்காமல் தோன்ற நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் வந்து நின்றார்கள். அங்கிருந்து காலிமுகத்திடல் போராட்டம் வளர்ந்ததும், ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகியதும் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது கேளுங்கள்: இவற்றில் எது உங்களுக்குத் தெரியும், எது தெரியாது? இருபது வயதுச் சிங்களப் பிள்ளைக்கு 2022 நேற்றுப் போல; 2007 ஐக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். தமிழ்ப் பிள்ளைக்கு 2007 வீட்டில் தாழ்ந்த குரலில் கேட்ட கதை. 'அந்த நேரம் எங்களுக்காக இத்தனை கறுப்புக் கோட்டு எங்கே போயிருந்தது?' என்று ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்கும். கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வியை மழுப்பாதீர்கள். சிங்களப் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்கவும் வைக்காதீர்கள். 2007 இல் அவர்கள் குழந்தைகள். அரசியலமைப்புத் தாளை எடுத்து, இரண்டு நாளிலும் மீறப்பட்ட உறுப்புரைகளை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 12, 13, 14 ஆகிய மூன்று எண்களும் திரும்பத் திரும்ப வரும். இடைக்காலக் கட்டளை ஒரே நாளில் வந்தது எப்படி, யார் தட்டச்சு செய்திருப்பார், யார் ஒப்பமிட்டிருப்பார் என்று கற்பனை செய்யச் சொல்லுங்கள். உரிமை என்பது புத்தகத்திலிருந்து இறங்கி ஒரு மேசைக்கும் ஒரு கடிகாரத்துக்கும் வந்து சேரும்.

ஒரு சட்டம்

நேரம் இருந்தால் ஒரு முழுக் கூட்டத்தை 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஒதுக்குங்கள். தற்காலிக ஏற்பாடு என்று வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகியும் போகாத சட்டம். தமிழ் இளைஞர் ஒரு தலைமுறையில் பலர் அதன் கீழ் தடுப்பில் இருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் செத்தவர்களுக்காக அழுது முடிக்குமுன்பே, அந்தச் சட்டத்தின் கை முஸ்லிம் வீடுகளுக்குப் போனது. 2020 மே மாதம் சிலாவத்துறைப் பக்கத்தைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதம் பரப்புகிறது என்றார்கள். கவிதைகள் பேசியதோ அதற்கு எதிராக. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2022 ஓகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே அதே சட்டத்தின் கீழ் பிடிபட்டார். 2023 ஜனவரி இறுதியில் நீதவான் அவரை அந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார்.

இந்தக் கதையை மூன்று சமூகத்தின் பிள்ளைகளும் ஒருவர் பகுதியை மற்றவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளை வசந்தவைப் பற்றிச் சொல்லட்டும். சிங்களப் பிள்ளை அஹ்னாபைப் பற்றி. முஸ்லிம் பிள்ளை எண்பதுகளின் தமிழ் இளைஞரைப் பற்றி. 2022 செப்டெம்பரில் காங்கேசன்துறையில் தொடங்கி ஹம்பாந்தோட்டை வரை இந்தச் சட்டத்தை நீக்கக் கோரிக் கையெழுத்து வாங்கிப் போன பயணத்தைப் பற்றியும் அவர்கள் தேடி வாசிக்கட்டும். வடக்கின் கோரிக்கை தெற்கின் சந்திகளில் ஒப்பம் பெற்ற நாட்கள் அவை.

வேலை

மேசை போட்டது இதற்குத்தான். இரண்டாம் மாதத்திலிருந்து குழு ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். தொடங்க ஏற்றது தகவலறியும் உரிமைச் சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரஜை எவரும் காரணம் சொல்லாமல் கேட்கலாம். வீதியைப் பொறுத்து நுகேகொடைவாசிகள் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டே, மஹரகம அல்லது தெஹிவளைப் பிரதேச செயலகத்துக்குப் போவார்கள். அங்கே கேட்கக்கூடிய நல்ல கேள்விகள்: பொதுமக்கள் நிரப்பும் படிவங்களில் எத்தனை தமிழில் உள்ளன? தமிழில் கடமையாற்றக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர்? போன வருடம் தமிழில் வந்த கடிதங்களில் எத்தனைக்குத் தமிழில் பதில் போனது?

ஒரு கேள்வியைத் தமிழிலும் ஒன்றைச் சிங்களத்திலும் எழுதுங்கள். தமிழ் விண்ணப்பத்தைச் சிங்களப் பிள்ளையும் சிங்கள விண்ணப்பத்தைத் தமிழ்ப் பிள்ளையும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரக்கூடாது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. இந்தத் திகதிகளைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நம் முறைப்பாடுகள் பல தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, திகதி தவறியதால்.

தனி ஒருவருக்கு நடந்த மீறல் என்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அலுவலகம் ஆர்.ஏ.டி மெல் மாவத்தையில். அவசர இலக்கமும் 1996 தான், மறக்காது. தமிழில் எழுதலாம், பணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இதை அறியாமல் 'ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும்' என்று இருந்து காலம் கடந்தவர்கள் உண்டு. நீதிமன்றம் போகக் காலம் தவறிவிட்டது என்று நினைத்துக் கைவிட்டவர்களும் உண்டு.

முறைப்பாட்டை எழுதும் முறை: என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார், யார் பார்த்தார்கள். கோபத்தை முதல் வரைவில் கொட்டட்டும். இரண்டாவது வரைவில் அந்த வரிகளை அவர்களே எடுப்பார்கள். கையெழுத்து பாதிக்கப்பட்டவருடையது. குழு பின்னால் நிற்கும். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த நிமிடமே கோப்பை மூடுங்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

வதந்தி வரும் இரவு

குழுவுக்கு வட்ஸ்அப் இருக்கும். ஒரு நாள் இரவு அதில் ஏதாவது வந்து விழும். அதற்கு முன்பே 2018 பெப்ரவரி அம்பாறைச் சம்பவத்தைப் படித்திருக்க வேண்டும். முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்கிடையில் மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. குழுவின் விதி எளியது: அடுத்த சமூகத்தைப் பற்றிய செய்தியை, அந்தச் சமூகத்து நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்காமல் யாரும் அனுப்பக்கூடாது. மேசையில் சேர்ந்து வேலை செய்தவர்களிடம் அந்த இலக்கம் இருக்கும்.

ஜூலையும் மேயும்

1983 ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய, தமிழருக்கு எதிரான வன்முறை நுகேகொடைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்தது. இந்தக் குழுவில் இருக்கும் சில பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் அன்று மதில் ஏறிக் குதித்தவர்கள். சிலருடைய பாட்டன் பாட்டிமார் அவர்களைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தவர்கள். இன்னும் சிலருடைய பாட்டன் பாட்டிமார் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள். மூன்றும் ஒரே ஒழுங்கையில் நடந்தது. யாரையும் சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள். பிள்ளைகள் தத்தம் வீட்டில் கேட்டு வரட்டும். கேட்க முடியவில்லை என்றால் அதையும் வந்து சொல்லட்டும். கதையைச் சரிபிழை பார்ப்பதற்கு அந்தக் கூட்டம் இடமல்ல.

மே மாதம் அதைவிடக் கடினம். 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், யுத்தத்தின் இறுதி நாட்களில் இறந்த தமிழர்களை நினைக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பரிமாறினார்கள். சிங்கள இளையோரும் வாங்கிக் குடித்தார்கள். 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் அதே கஞ்சிக்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். இரண்டையும் குழு அறிந்திருக்க வேண்டும். படையில் மகனை இழந்த சிங்கள வீட்டுப் பிள்ளையும் அந்த மேசையில் இருப்பாள். அவளுக்கும் பேச இடம் வேண்டும். செத்தவர்களை ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் மட்டும் நிறுத்துங்கள். இறந்தவரை நினைப்பது யாருடைய அனுமதியும் தேவையில்லாத உரிமை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதைக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோர், பொலிஸ், பாதுகாப்பு

கொழும்புத் தமிழ்த் தாய் பிள்ளையை வாசலில் நிறுத்திச் சொல்லும் சொல், 'வம்பு தும்புக்குப் போகாதே'. கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1983 உம் ஆட்களைக் கடத்திய வெள்ளை வானும் 2007 உம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. 2008, 2009 இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பதினொரு பேர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். அந்த வழக்கில் கடற்படையினர் மீது குற்றச்சாட்டு வந்தது. அப்படிப்பட்ட நகரத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இவர்கள். வீட்டுக்குப் போங்கள். 'அம்மா, இன்ன இடம், இத்தனை மணிக்கு முடியும், இன்னார் பஸ் ஏற்றிவிடுவார், இன்ன வேலை செய்வோம், ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம்' என்று சொல்லுங்கள். சொன்னதை மீறாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் அறைச் சுவரில் இருக்கட்டும். உங்களைப் பற்றியே முறையிட வேண்டி வந்தாலும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முகம் தெரியும் படத்தை வெளியிடாதீர்கள். நிதி தருபவர் படம் கேட்டால் மேசையையும் கைகளையும் எடுத்து அனுப்புங்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கான 2007 ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் ஒரு பதிவுக்காக இளையோரை நீதிமன்றம்வரை கொண்டுபோகக்கூடியவை. எதை எழுதினாலும் இன்னொருவர் வாசித்த பிறகே போடுவது என்று பழகட்டும். பொலிஸார் வந்து விசாரித்தால் ஒளிக்க எதுவும் இல்லை; கூட்டப் பதிவேட்டை இரு மொழியிலும் வைத்திருந்தால் நீட்டலாம். ஆனால் பிள்ளைகளின் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் அந்தப் பதிவேட்டில் இருக்கக்கூடாது. அவற்றைத் தனியே வையுங்கள்.

கையளித்தல்

ஒரு வருடம் கழிந்தால் முதலில் வந்தவர்கள் ஏ.எல். எழுதப் போவார்கள், வேலைக்குப் போவார்கள், சிலர் கடவுச்சீட்டு எடுப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் வெளிநாடு போகிறவர் அதிகம். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோப்பு யாருடைய கையில் என்பதை மாற்றுங்கள். ஒருமுறை ஆண் என்றால் அடுத்தமுறை பெண், ஒருமுறை தமிழ் என்றால் அடுத்தமுறை வேறு. விண்ணப்பங்களில் பதில் விலாசமாகப் போகப்போகிறவரின் வீட்டைப் போடாதீர்கள். நிலையாக இருக்கும் ஒரு விலாசத்தைப் போடுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணை இருக்க வேண்டும்: எதை அனுப்பினோம், எந்தத் திகதியில், எப்போது பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்து யாருக்கு. புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாள் கொடுக்கும் வேலை, அந்தப் பக்கத்தை வாசித்து, திகதி கடந்த வரியைக் கண்டுபிடித்து, நினைவூட்டல் கடிதம் ஒன்றைத் தன் மொழியில் எழுதுவது.